பெயின்ட்டுக்கு முன்னால் ஒரு வாளி நல்ல தண்ணீர்



கடற்கரையே இல்லாத ஓர் ஊரில், கடலால் அழிகிற பொருள் ஏதேனும் உண்டா? இப்படி ஒரு கேள்வி தேர்வில் வந்தால் "இல்லை" என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவீர்கள். திருவண்ணாமலையில் வசிக்கும் என்னைக் கேட்டால், "உண்டு, மீன் வண்டி" என்பேன்.

எங்கள் ஊரிலிருந்து மரக்காணம் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். புதுச்சேரியும் கடலூரும் கிட்டத்தட்ட அதே தொலைவுதான். விடியும் முன்பே அந்தக் கரைகளில் ஏலம் எடுத்த மீன், ஐஸோடு பெட்டிகளில் அடுக்கப்பட்டு, செஞ்சி வழியாகவோ விழுப்புரம் வழியாகவோ உள்நாட்டுச் சந்தைகளுக்கு வந்து சேர்கிறது. அதைக் கொண்டுவருபவற்றில் பல, நாம் செல்லமாகக் 'குட்டி யானை' என்று அழைக்கும் சிறு சரக்கு வண்டிகளும் பிக்கப் வண்டிகளும். மரக்காணத்து உப்பளங்களிலிருந்து உப்பு மூட்டை ஏற்றி வரும் வண்டிகளும் உண்டு. ஐஸ் உருக உருக, மீன் கழுவிய நீரும் கடல்நீரும் கலந்து வண்டியின் தரையில் ஓடும். இடுக்குகளில் இறங்கும். பின்கதவின் கீலில் சொட்டி, சேஸிஸின் மேல் வழிந்து சாலையில் விழும். அப்படிப்பட்ட வண்டியின் பின்னால் சைக்கிளில் போன அனுபவம் உள்ளவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, மூக்கே சாட்சி.

அத்தகைய வண்டி ஒன்று நின்றுகொண்டிருக்கும்போது குனிந்து அதன் அடிவயிற்றைப் பாருங்கள். மேலே பளபளவென்று பெயின்ட் இருக்கும். பின்னால் "கடல் ராணி" என்று வண்ண எழுத்து இருக்கும். கீழேயோ, தரைத் தகட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள் அடுக்கடுக்காக உரிந்து, விரலால் அழுத்தினால் உதிரும் நிலையில் இருக்கும். இந்த வண்டிகள் பெரும்பாலும் கடனில் வாங்கப்பட்டவை. மாதத் தவணை கட்டி முடியும் முன்பே தரை ஓட்டையாகிவிட்டால், அதைப் பழுதுபார்க்கும் செலவு ஒரு குடும்பத்தின் பள்ளிக் கட்டணத்திலிருந்தும் மளிகைக் கணக்கிலிருந்தும்தான் வரவேண்டும். துரு என்பது உங்கள் வேதியியல் பாடப் புத்தகத்தில் ஒரு பக்கம். அந்தக் குடும்பத்துக்கு அது கண்ணுக்குத் தெரியாத ஒரு கடன்காரன்.

இதற்கு நம்மவர்கள் சொல்லும் விளக்கம் ஒன்று உண்டு: "இரும்பென்றால் துருப்பிடிக்கத்தான் செய்யும்." செய்யும் வைத்தியமும் ஒன்று உண்டு. எஃப்.சி. காட்ட வேண்டிய நாள் நெருங்கும்போது டிங்கரிங் கடைக்குக் கொண்டுபோய், ஓட்டையை அடைத்து, பட்டி பார்த்து, மேலே பெயின்ட் அடித்துவிடுவது. இந்த விளக்கமும் சரியில்லை, இந்த வைத்தியமும் சரியில்லை என்பது என் கருத்து. துருவைத் தடுக்கும் வேலையில் பெயின்ட்டுக்கு இரண்டாம் இடம்தான் தருவேன். முதலிடம் உப்பை அகற்றுவதற்கு. அதற்கு வேண்டியது நல்ல தண்ணீரும், அந்தத் தண்ணீர் தேங்காமல் வடிந்து உலர வழியும். சொல்ல எளிது, ஏன் என்று காட்ட வேண்டும் அல்லவா?

துருப்பிடித்தல் ஒரு மின்நிகழ்ச்சி. இதை வேதியியல் ஆசிரியர்கள் சொன்னால் நீங்கள் மனப்பாடம் செய்வீர்கள். இயற்பியல்காரன் சொன்னால் அளந்து பார்க்க வேண்டும். இரும்பின் ஓரிடத்தில் அணுக்கள் இரண்டிரண்டு எலெக்ட்ரான்களை உலோகத்திலேயே விட்டுவிட்டு அயனிகளாக நீரில் இறங்குகின்றன. அந்த எலெக்ட்ரான்கள் உலோகத்தின் ஊடே ஓடி, வேறோர் இடத்தில் நீரையும் அதில் கரைந்துள்ள ஆக்ஸிஜனையும் சந்திக்கின்றன. முதல் இடம் நேர்மின்வாய், இரண்டாவது இடம் எதிர்மின்வாய், நடுவே மின்பகுளியாக ஈரம். ஒரு சிறிய மின்கலம்! டார்ச் விளக்கில் இருப்பதற்கும் இதற்கும் ஒரே வேறுபாடு, இதில் பல்பு இல்லை. மின்னோட்டம் முழுவதும் இரும்பைத் தின்பதற்கே செலவாகிறது.

எவ்வளவு தின்னும்? ஃபாரடே விதியைக் கொண்டு நீங்களே கணக்கிடலாம். ஓர் ஆம்பியர் மின்னோட்டம் ஓராண்டு இடைவிடாமல் ஓடினால், ஏறக்குறைய 9 கிலோ இரும்பு கரைந்துபோகும். சாதாரண டார்ச் பல்பு எரிய 0.3 ஆம்பியர் போதும். அந்த அற்ப மின்னோட்டம் ஒரு வண்டியின் அடியில் ஆங்காங்கே பரவி ஓராண்டு ஓடினால், 2.7 கிலோ இரும்பு போய்விடும். அது தகடு முழுவதிலும் சீராகப் போனாலும் பரவாயில்லை. சில இடங்களில் மட்டுமே போவதால்தான் ஓட்டை விழுகிறது. போன இரும்பு துருவாக மாறும்போது அதன் பருமன் இரண்டு மடங்கிலிருந்து ஆறு மடங்கு வரை பெருகுவதால், அருகிலிருக்கும் பெயின்ட்டையும் பற்றவைத்த இணைப்பையும் நெம்பித் தள்ளுகிறது. கான்கிரீட் தூண்களில் கம்பி துருப்பிடித்து வெடிப்பு விழுவதும் இதனால்தான்.

இந்த நாடகத்தில் உப்பின் வேடம் என்ன? பலர் நினைப்பதுபோல உப்பு இரும்போடு சேர்ந்து துருவாவதில்லை. அது மின்கலத்துக்குப் பாதை போட்டுக் கொடுக்கிறது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. அதன் மின்கடத்தும் திறன் குடிநீரைப்போல் நூறு மடங்கு அளவில் இருக்கிறது. தடை குறைந்தால் மின்னோட்டம் கூடும் என்பது ஓம் விதி. போதாக்குறைக்கு, இரும்பின் மேல் தானாகப் படியும் மெல்லிய பாதுகாப்புப் படலத்தைக் குளோரைடு அயனிகள் உடைத்துவிடுகின்றன.

உப்பின் இன்னொரு குணம் இதைவிடக் கெட்டது. மழைக்காலத்தில் உங்கள் வீட்டு உப்பு ஜாடி கசிந்து ஈரமாவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறக்குறைய 75 விழுக்காட்டைத் தாண்டினால், சோடியம் குளோரைடு காற்றிலிருந்தே நீரை உறிஞ்சிக் கரைசலாகிவிடும். நாம் சமையலுக்கு வாங்கும் கல்லுப்பில் மக்னீசியம் குளோரைடும் கொஞ்சம் கலந்திருப்பதால் அது இன்னும் சீக்கிரம் கசியும். கவனியுங்கள்: மழையே பெய்ய வேண்டாம், வண்டியைக் கழுவவே வேண்டாம். காய்ந்துவிட்டது என்று நாம் நினைக்கும் தகட்டின் மேல் படிந்துள்ள உப்பு, ஐப்பசி கார்த்திகை இரவுகளில் தானே நீர் வரவழைத்துக்கொண்டு மின்கலத்தை இயக்கும். வண்டி தூங்கும், துரு தூங்காது. வெயில் ஏறியதும் காய்ந்து, மறுநாள் இரவு மீண்டும் தொடங்கும். இப்படி நனைவதும் காய்வதுமாக மாறி மாறி வருவதுதான் இரும்புக்கு மிகப் பெரிய கேடு.

பனிநாடுகளில் இதே கதை வேறு உருவில் நடக்கிறது. அமெரிக்காவின் வடபகுதியிலும் கனடாவிலும் ஐரோப்பாவின் பல நாடுகளிலும் குளிர்காலத்தில் சாலையில் பனி உறைந்து வழுக்கும். அதை உருக்க உப்பைத் தூவுகிறார்கள். குல்ஃபி ஐஸ் விற்பவர் தம் பானையில் ஐஸோடு உப்பைக் கலப்பது எதற்கு? உப்பு சேர்ந்தால் நீரின் உறைநிலை தாழும். சரியான விகிதத்தில் சேர்த்தால் -21 டிகிரி செல்சியஸ் வரை தாழும். குல்ஃபிக்காரர் அதைக் குளிர்விக்கப் பயன்படுத்துகிறார், அவர்கள் அதைப் பனி உருக்கப் பயன்படுத்துகிறார்கள். இயற்பியல் ஒன்றே. அமெரிக்கா மட்டும் ஆண்டுதோறும் ஒரு கோடி டன்னுக்கும் அதிகமான உப்பைச் சாலைகளில் கொட்டுகிறது. அந்த உப்புச் சேறு சக்கரங்களில் பட்டுத் தெறித்து வண்டிகளின் அடிப்பகுதியில் அப்பிக்கொள்கிறது. அங்கே பிக்கப் வண்டிகளின் சேஸிஸ் துருப்பிடித்து வலுவிழப்பதாகத் தொடுக்கப்பட்ட ஒரு வழக்கில், 2016-ஆம் ஆண்டு டொயோட்டா நிறுவனம், தவறை ஒப்புக்கொள்ளாமலே, 340 கோடி டாலர் வரை செலவாகக்கூடிய ஒரு சமரசத்துக்கு இணங்கியது. ஏறக்குறைய 15 லட்சம் வண்டிகள் அதில் அடக்கம். உலகின் மிகப் பெரிய வண்டித் தொழிற்சாலைகளையே உப்பு இந்தப் பாடு படுத்துமானால், எங்கள் ஊர் மீன் வியாபாரியை ஏன் விடப்போகிறது?

ஒரு வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். அவர்களுக்கு உப்பு சாலையிலிருந்து மேலே தெறிக்கிறது. நமக்கு வண்டியின் தொட்டியிலிருந்து கீழே வழிகிறது. அவர்களுக்கு அது குளிர்காலத்து நோய். நமக்கு ஆண்டு முழுவதும். ஆகவே அவர்களுடைய புட்டிகளையும் களிம்புகளையும் அப்படியே வாங்கிப் பூசிக்கொள்வது நமக்குப் போதாது. நாம் நம் வண்டியைப் பார்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

இப்போது ஒரு புதிர். துருவுக்கு ஆக்ஸிஜன் தேவை என்று படித்திருக்கிறீர்கள். அப்படியானால் காற்று நன்றாகப் படும் வெளிப்பகுதிதானே முதலில் துருவில் அழிய வேண்டும்? சேறும் செதிலும் அப்பி மூடிக்கிடக்கும் மூலைகள் அல்லவா தப்ப வேண்டும்? நடப்பதோ நேர் எதிர். மட்கார்டின் உள்மடிப்பு, குறுக்குச் சட்டமும் தரைத் தகடும் சேரும் இடுக்கு, கமான் பட்டைகளின் நடுவே உள்ள சந்து ஆகிய இடங்களில்தான் இரும்பு முதலில் போகிறது.

இந்தப் புதிரை 1920-களில் கேம்பிரிட்ஜில் யூ. ஆர். எவான்ஸ் என்ற அறிஞர் ஒரே ஒரு நீர்த்துளியைக் கொண்டு தெளிவாக்கினார். உங்கள் பள்ளி ஆய்வகத்திலேயே அதைச் செய்யலாம், ஆசிரியர் உடனிருக்கட்டும். 100 மில்லி லிட்டர் நீரில் 3 கிராம் உப்பைக் கரையுங்கள். அதில் ஒரு சிட்டிகை பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடும் சில துளி பினாப்தலீனும் சேருங்கள். அமிலம் எதையும் அருகில் கொண்டுவராதீர்கள். ஓர் இரும்புத் தகட்டை உப்புத்தாள் கொண்டு பளபளக்கத் தேய்த்து, அதன்மேல் இந்தக் கரைசலைப் பெரிய துளியாக வையுங்கள். (துருவைத் தேய்த்தெடுக்கும் தாளுக்கு நம்மவர்கள் 'உப்புத்தாள்' என்று பெயர் வைத்தது எவ்வளவு வேடிக்கை!) சில நிமிடங்களில் துளியின் நடுவில் நீல நிறமும், விளிம்பில் இளஞ்சிவப்பும் தோன்றும். நீலம், இரும்பு கரையும் இடத்தைக் காட்டுகிறது. இளஞ்சிவப்பு, ஆக்ஸிஜன் எலெக்ட்ரான்களை ஏற்றுக் காரம் உண்டாகும் இடத்தைக் காட்டுகிறது. பிறகு இரண்டுக்கும் நடுவே பழுப்பு வளையமாகத் துரு படியும்.

துளியின் விளிம்பு மெல்லியது. காற்றிலிருந்து ஆக்ஸிஜன் அங்கே எளிதில் வந்து சேரும். நடுவிலோ ஆக்ஸிஜன் பஞ்சம். ஆக்ஸிஜன் மிகுந்த இடம் எதிர்மின்வாயாகித் தப்பித்துக்கொள்கிறது; பஞ்சம் உள்ள இடம் நேர்மின்வாயாகி, அங்கேயுள்ள இரும்பு பலியாகிறது. ஈரச் சேற்றுக்கு அடியிலும், மடிப்புக்கு உள்ளேயும், உரிந்த பெயின்ட்டின் கீழும் நடப்பது இதுவே. சோறு ஓரிடத்தில், ஏப்பம் ஓரிடத்தில் என்பதுபோல, அழிவு ஓரிடத்தில், துருவின் கறை வேறிடத்தில்.

இதனால் ஒன்று தெரிகிறது. அரைகுறையாகத் துருவைச் சுரண்டிவிட்டு, இடுக்கில் உப்பு இருக்கும்போதே மேலே பட்டியும் பெயின்ட்டும் பூசுவது, எவான்ஸின் துளியை நாமே தயாரித்து மூடி போட்டு வைப்பது போன்றது. பெயின்ட் முற்றிலும் நீர்புகாச் சுவர் அல்ல. நீராவியும் ஆக்ஸிஜனும் மெதுவாக அதனுள் ஊடுருவும். உள்ளே உப்பு இருந்தால் அது அந்த ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பின்பு பெயின்ட் கொப்புளிக்கும். கொப்புளத்தைப் பார்த்துவிட்டு "பெயின்ட் மட்டம்" என்று திட்டுகிறோம். பெரும்பாலும் குற்றம் பெயின்ட்டின் மேல் இல்லை.

நம் தமிழகத்திலேயே உப்புக் காற்றோடு நூறாண்டுக்கு மேல் போராடிய ஓர் இரும்பு அமைப்பு உண்டு: பாம்பன் ரயில் பாலம். 1914-இல் திறக்கப்பட்ட அந்தப் பாலம், இரண்டு கிலோமீட்டருக்கும் அதிக நீளத்துக்குக் கடலுக்கு நடுவே நின்றது. ஓயாமல் சுரண்டுவதும் பெயின்ட் அடிப்பதும் அதன் வாழ்க்கையாகவே இருந்தது. 2022 டிசம்பரில் அதன்மேல் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. அதன் அருகே கட்டிய புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. புதிய பாலத்தில் பாலிசிலாக்சேன் என்ற உயர்ரகப் பூச்சு பயன்பட்டிருக்கிறது என்பதைச் செய்தித்தாள்கள் பெரிதாக எழுதின. என் கண்ணில் பட்டது வேறு: இணைப்புகள் முழுமையாகப் பற்றவைக்கப்பட்டிருக்கின்றன. முழுதும் பற்றவைத்த இணைப்பில் உப்புநீர் ஒளிந்துகொள்ள இடுக்கு இல்லை. எங்கள் ஊர் வண்டித் தொட்டிகளில் செலவைக் குறைப்பதற்காக விட்டுவிட்டுப் புள்ளிப் புள்ளியாகப் பற்றவைப்பதைப் பார்க்கும்போது, பாம்பனின் அந்தப் பாடத்தை இங்கேயும் யாராவது சொல்லித் தந்தால் நன்றாயிருக்குமே என்று தோன்றுகிறது.

சொல்லித் தரத் தகுதியுள்ளவர்கள் நம்மிடம் இல்லாமல் இல்லை. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அதற்கு 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். நிலமும் பெரும் பொருளும் தந்தவர் வள்ளல் அழகப்பச் செட்டியார். மண்டபம் முகாமில் அந்த நிலையத்துக்கு ஓர் அரிமானச் சோதனை நிலையமும் உண்டு. உலோகத் தகடுகளையும் பூச்சுகளையும் கடற்காற்றில் வைத்து, அவை எப்படி அழிகின்றன என்று அங்கே ஆராய்கிறார்கள். பாலத்துக்கும் துறைமுகத்துக்கும் பயன்படும் இந்த அறிவு, ஒரு டிங்கரிங் பட்டறை வரை வந்து சேரவில்லை என்பதுதான் என் மனக்குறை.

"டெல்லியில் ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளாகத் துருப்பிடிக்காத இரும்புத் தூண் இருக்கிறதே, அதுபோலச் செய்தால் என்ன?" என்று வகுப்பில் எப்போதும் ஒருவராவது கேட்பார். அந்தத் தூண் நமக்குப் பெருமைதான். அதில் பாஸ்பரஸ் மிகுதி; அதனால் மேற்பரப்பில் காக்கும் படலம் உருவாகியிருக்கிறது. மழை வழிந்தோடிவிடும் உருண்டை வடிவமும், டெல்லியின் வறண்ட காற்றும் அதற்குத் துணை. அதே தூணின்மேல் தினமும் மீன் தண்ணீரை ஊற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் சோதித்ததில்லை! வண்டி வைத்திருப்பவருக்குத் தூணின் புகழ் உதவாது.

துத்தநாகம் உதவும். பிரான்ஸில் சோரல் என்பவர் 1837-இல் உரிமம் பெற்ற முறை இது: உருகிய துத்தநாகத்தில் இரும்பை முக்கி எடுப்பது. கடைகளில் ஜி.ஐ. தகடு என்று கேட்டு வாங்குகிறோமே, அதுதான். துத்தநாகம் இரும்பைவிட எளிதில் எலெக்ட்ரான்களைத் தரும். பூச்சில் கீறல் விழுந்தாலும், பக்கத்திலுள்ள துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றும். பெயின்ட்டில் இந்தத் தியாகம் கிடையாது. கீறல் விழுந்தால் அங்கே இரும்பு தனியாள். ஆகையால் புதிதாகத் தொட்டி கட்டுபவர் ஜி.ஐ. தகட்டையோ, துத்தநாகத் தூள் கலந்த பிரைமரையோ கேட்டு வாங்கினால், முதலில் கூடும் செலவு வீணாகாது. சிலர் துருப்பிடித்த தரையை மறைக்க மேலே அலுமினியத் தகட்டைப் பரப்பிவிடுகிறார்கள். பார்வைக்கு அழகுதான். இரண்டு தகடுகளுக்கும் நடுவே இறங்கும் உப்புநீருக்கு அது நிரந்தர வீடு.

பழைய என்ஜின் ஆயிலை அடியில் பீய்ச்சி அடிக்கும் வழக்கத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எண்ணெய் நீரைத் தள்ளும் என்பது உண்மை. துரு சற்றுத் தாமதப்படும் என்பதும் உண்மை. ஆனால் அது ரப்பர் புஷ்களையும் குழாய்களையும் ஊறவைத்துக் கெடுக்கும். தூசியைப் பிடித்து அப்பிக்கொள்ளும். மழையில் சொட்டி, கடைசியில் ஏதோ ஓர் ஏரியில் போய்ச் சேரும். உப்பைக் கழுவாமல் அதன்மேல் எண்ணெய் பூசினால் உப்பு உள்ளேயே பத்திரமாக இருக்கும். இந்த வழக்கம் ஒழிய வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. எண்ணெய்தான் வேண்டுமென்றால், அதற்கென்றே மெழுகு கலந்து செய்த பூச்சுகள் கிடைக்கின்றன. கழுவி உலர்த்திய பிறகு பூசட்டும்.

ஆக, கழுவுவதற்கே வந்து நிற்கிறோம். "தண்ணீர் எங்கே இருக்கிறது?" என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எங்கள் மாவட்டத்தில் கோடையில் குடிக்கவே தண்ணீருக்குத் திண்டாட்டம். பல ஆழ்துளைக் கிணறுகளில் வருவது உவர்நீர். இதற்கு என் பதில், உவர்நீரில் கழுவுவதுகூடக் கழுவாமல் விடுவதைவிட மேல் என்பதே. சப்பென்றிருக்கும் கிணற்று நீரில் லிட்டருக்கு ஓரிரு கிராம் உப்பு இருந்தாலும், கடல்நீரின் 35 கிராமோடு ஒப்பிட்டால் அது எம்மாத்திரம்? முதலில் அந்த நீரால் பெரும்பாலான உப்பை அடித்துத் தள்ளிவிட்டு, கடைசியாக ஒரு வாளி நல்ல தண்ணீரை இடுக்குகளில் ஊற்றினால் போதும். மழைநீர் கிட்டத்தட்டக் காய்ச்சி வடித்த நீர். மழை வரும்போது வண்டியைக் கொட்டகையில் பதுக்குகிறோம். மீன் இறக்கிய வண்டியைப் பின்கதவைத் திறந்து, சற்றுச் சரிவாக மழையில் நிறுத்துவதே நல்லது. பிறகு வெயிலில் உலர வேண்டும். உலராமல் மூடிய தார்ப்பாயின் கீழ் வைத்தால் கழுவியதன் பயன் பாதி போய்விடும்.

வாட்டர் சர்வீஸ் செய்பவர்களிடம் கொடுத்தால் கண்ணாடியையும் கதவையும் அருமையாகக் கழுவித் தருவார்கள். கண்ணாடி துருப்பிடிக்காது. குழாயைக் கீழே திருப்பச் சொல்லுங்கள். மட்கார்டின் உள்ளே, சட்டங்களின் முதுகில், பின்கதவின் அடி மடிப்பில். அந்த மடிப்பில் நீர் வடிய ஒரு துளை இருக்கும். செதிலும் மண்ணும் அதை அடைத்திருக்கும். ஒரு குச்சியால் குத்தி விடுவது செலவில்லாத வேலை. வண்டிக்கு அது எத்தனை ஆண்டுகளைக் கூட்டித் தரும் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்.

தனிமனிதரின் பழக்கத்தை மட்டும் குறை சொல்லி முடிப்பது எனக்கு உடன்பாடில்லை. மீன் ஏலம் நடக்கும் துறைமுகங்களில் ஐஸ் உடைக்க இடம் இருக்கிறது, வண்டி நிறுத்த இடம் இருக்கிறது, வசூலிக்க ஆள் இருக்கிறார். வண்டியின் அடியைக் கழுவ ஒரு மேடையும் நன்னீர்க் குழாயும் வைத்தால் என்ன? உள்நாட்டு மீன் அங்காடிகளிலும் வேண்டும். கழுவிய நீர் வயலுக்கோ ஏரிக்கோ போகாமல் ஒரு தொட்டியில் தேங்கும்படியும் அமைக்க வேண்டும். இல்லாவிட்டால் வண்டியின் நோயை மண்ணுக்கு மாற்றியவர்கள் ஆவோம். தொட்டி கட்டும் பட்டறைகளுக்கும் ஒரு விதி வேண்டும்: மீனும் உப்பும் ஏற்றும் வண்டிக்குத் தரை ஒரு பக்கம் சரிவாக இருக்கட்டும், தாழ்ந்த முனையில் வடிகுழாய் இருக்கட்டும், நீர் சேஸிஸின்மேல் விழாமல் அதைத் தாண்டி விழட்டும். இதில் பெரிய பொறியியல் எதுவும் இல்லை. நம் வீட்டு முற்றம் கட்டுபவருக்குத் தெரிந்த வாட்டம்தான்.

கழுவியது போதுமா என்று எப்படித் தெரியும்? உங்களில் யார் வீட்டிலாவது, அல்லது அக்கம்பக்கத்திலாவது அத்தகைய வண்டி இருந்தால் இதைச் செய்து பாருங்கள். இரண்டு சோதனைக் குழாய்கள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் கழுவப் பயன்படுத்தும் நீரையே நேராகப் பிடியுங்கள். மற்றொன்றில், கடைசியாக ஊற்றிய நீர் சட்டத்தின் இடுக்கிலிருந்து சொட்டும்போது பிடியுங்கள். பள்ளி ஆய்வகத்தில் ஆசிரியரிடம் கேட்டு, இரண்டிலும் நீர்த்த சில்வர் நைட்ரேட் கரைசலை இரண்டிரண்டு துளி விடுங்கள். குளோரைடு இருந்தால் வெண்மையாகக் கலங்கும். கிணற்று நீரும் கொஞ்சம் கலங்கத்தான் செய்யும். ஆகவே இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பதே முறை. இடுக்கிலிருந்து வந்த நீர் தயிர்போல் வெளுத்தால் இன்னும் ஒரு வாளி ஊற்ற வேண்டும். இரண்டும் ஒரே அளவில் கலங்கினால் வண்டியை வெயிலில் நிறுத்தலாம். சில்வர் நைட்ரேட் விரலில் பட்டால் கறுத்துவிடும், பல நாட்களுக்குப் போகாது, கவனமாகக் கையாளுங்கள்.